டெமோவில் குழைந்த புல்லாங்குழல், கைக்கு வந்ததும் தகர டப்பா

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு கீபோர்டு கலைஞர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் நாலு பக்கம், அதில் கோபம் மூன்று பக்கம். மிச்சத்தை மட்டும் இங்கே தருகிறேன். கீபோர்டு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: டோன் பேக் என்பது கீபோர்டில் ஏற்றிக்கொள்ளும் வாத்தியச் சத்தங்களின் தொகுப்பு, சாம்பிள் என்பது அதற்காக வாத்தியத்தை வாசித்துப் பதிந்த துண்டு, ஸ்டைல் என்பது இடது கை பிடிக்கும் கார்டுக்கு (ஸ்வரக் கொத்துக்கு) ஏற்பத் தானாக ஓடும் பின்னணி, லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடும்படி வெட்டிய பதிவு.

“வக்கீல் சார், வணக்கம். பன்னிரண்டு வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன், வீடு ஓடுவது இதில்தான். வைத்திருப்பது யமஹா எஸ்.எக்ஸ்.700. மாசி மகத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒருவர் யூடியூபில் போட்ட டெமோவைப் பார்த்து அவருடைய டோன் பேக்கை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். புல்லாங்குழல், நாதஸ்வரம், தவில், பம்பை, கூடவே நாற்பது ஸ்டைல். டெமோவில் கேட்டதற்கும் என் கீபோர்டில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. நாதஸ்வரம் பீப்பீ மாதிரி இருக்கிறது. பணத்தைக் கேட்டால் ‘டிஜிட்டல் ஐட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது, முன்னாடியே சொல்லியிருக்கேன்’ என்றார், இப்போது பிளாக்கும் செய்துவிட்டார். அவர் விற்பதே வெளிநாட்டுக் கம்பெனி சாம்பிள்களைச் சுட்டதுதான் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படியானால் அந்த பேக்கை எங்கள் கீபோர்டு வாட்ஸ்அப் குழுவில் 600 பேருக்கும் இலவசமாகப் போட்டுவிடலாமா? திருடனிடம் திருடினால் தப்பில்லையே? அல்லது அவர் டெமோவையும் என் கீபோர்டில் வரும் சத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வீடியோ போடலாமா? இன்னொன்று சார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதக் கோயில் வேலையில் ஒரு பம்பைக்காரரை வாசிக்கச் சொல்லி ரெக்கார்டு செய்து லூப் செய்து வைத்திருந்தேன், அவருக்கு 500 ரூபாய் கொடுத்தேன். அந்த லூப்பை இப்போது யாரோ பென்டிரைவில் போட்டு விற்கிறார்கள். என் லூப்பில் மூன்றாவது சுற்றில் கோயில் மணி லேசாகக் கேட்கும், அவர்கள் விற்பதிலும் அது கேட்கிறது. அதைத் தட்டிக் கேட்க எனக்கு உரிமை உண்டா?”

தம்பி, இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்த ஃபோல்டரை எந்தக் குழுவிலும் போட்டுவிடாதீர்கள். இப்போது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது, ‘சென்ட்’ அமுக்கிய நிமிடம் அதில் பாதி அவர் பக்கம் போய்விடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாதது இல்லை. கறுப்புக் கோட்டு மாட்டுவதற்கு முன்னால் நானும் முதுநகரில் ஒரு ட்ரூப்பில் ஆறு வருடம் கட்டை தட்டியவன்தான். ஃப்ளாப்பி காலம் அது. சென்னையில் ஒரு கடையில் கீபோர்டு ஒன்றை வாசித்துக் காட்டினார்கள், வயலின் செக்‌ஷன் அப்படியே வெண்ணெயாக வந்தது. இரண்டு கச்சேரி அட்வான்ஸையும் அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து வாங்கி வந்து வீட்டில் ஆன் செய்தால் வேறு ஏதோ கத்துகிறது. ஒரு மாதம் கழித்து அதே கடைக்கு வேறு வேலையாகப் போனபோதுதான் மேசைக்கு அடியில் ஒரு சவுண்டு மாட்யூல் இருப்பதும், கீபோர்டின் பின்னாலிருந்து ஒரு மிடி கேபிள் அதற்குப் போவதும் கண்ணில் பட்டது. வாசித்தது இந்தக் கட்டை, சத்தம் போட்டது அந்தப் பெட்டி. கேட்டதற்கு ‘டெமோன்னா அப்படித்தான் தம்பி’ என்று சிரித்தார்கள். அன்றைக்கு மேசைக்கு அடியில் இருந்த பெட்டி இன்றைக்கு லேப்டாப்புக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய டெமோவை மூன்று தடவை சாதாரணமாகப் பார்த்தேன். நாலாவது தடவை வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சத்தத்தைக் கவனிக்காமல் கையை மட்டும் பார்த்தேன். 1 நிமிடம் 12 நொடியில் புல்லாங்குழல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, நல்ல குழைவு, கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய இடது கை கார்டு பிடித்துக்கொண்டிருக்கிறது, வலது கை மேலே மெலடியில் இருக்கிறது, ஸ்வரத்தை வளைக்கும் ஜாய்ஸ்டிக் பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. அப்படியானால் வளைத்தது யார்? காலில் பெடல் வைத்து வளைக்கலாம், சில டோன்களில் கட்டையை விடாமல் அடுத்ததைத் தொட்டாலே தானாக வழுக்கும், இதெல்லாம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தானாக வழுக்குகிற டோன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் வழுக்கும். இங்கே அதே சொற்றொடர் மூன்று தடவை வருகிறது, மூன்று தடவையும் மூன்று விதமாக அசைகிறது. அது மூச்சு வாங்குகிற மனிதன் வாசித்தது, தம்பி. இதைவிடத் தெளிவான இடம் ஒன்று பின்னால் வருகிறது. அவருடைய இடது கை நாலு பார் (தாளச் சுற்று) முழுக்க ஒரே கார்டில் அசையாமல் இருக்கிறது, கீழே பேஸ் (அடி ஸ்வரம்) மட்டும் பாட்டில் உள்ளபடியே கார்டு மாறி மாறி நடக்கிறது. ஸ்டைல் ஓடும்போது பேஸ் நாம் பிடித்த கார்டைத்தான் பின்தொடரும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த பேஸ் முன்கூட்டியே செய்து வைத்த டிராக்.

சத்தம் சுத்தமாக இருக்கிறது, கட்டை தட்டும் ஒலியே கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். மைக் வைக்காமல் கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து வயரில் நேராக எடுத்தால் அப்படித்தான் இருக்கும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலி) போட்டிருக்கிறார் என்பதும் வழக்காகாது. வீடியோவுக்குக் கீழே அவர் எழுதியிருக்கிறாரே, ‘100 சதவீதம் கீபோர்டு சவுண்டு, நோ எடிட்டிங்’ என்று, அந்த ஒரு வரிதான் உங்களுக்குக் கிடைத்த புதையல். ‘பிரமாதமான டோன்’, ‘மேடையே அதிரும்’ என்று விற்பவர் சொல்வதையெல்லாம் சட்டம் வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடும். எடிட்டிங் இல்லை என்பது அப்படியில்லை, அது உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு தகவல். அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன் ரெக்கார்டு செய்துவிடுங்கள், தேதி தெரிகிற மாதிரி, வீடியோவின் முகவரியோடு. நோட்டீஸ் போன மறுநாள் அந்த வரி காணாமல் போகும், பந்தயமே கட்டுவேன்.

அதற்கு முன்னால் உங்கள் பக்கத்தையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். எதிராளி கேட்கப்போகும் கேள்வியை நாமே முதலில் கேட்டுக்கொள்வது என் தொழில் பழக்கம். எங்கே கேட்டீர்கள் அந்த பீப்பீ நாதஸ்வரத்தை? கோயில் மேடையில் என்றால் அது கணக்கில்லை. மைக்செட்காரர் ஒரே ஒரு வயரைத்தான் கொடுப்பார், ஸ்டீரியோவாகப் பதிவு செய்த டோன் மோனோவாகச் சேரும்போது இடமும் வலமும் ஒன்றை ஒன்று தின்று உயிர் இல்லாமல் வெற்றாக ஒலிக்கும், குழாய் ஸ்பீக்கர் வேறு மிச்சத்தை முடித்து வைக்கும். வீட்டில், நல்ல ஹெட்போனில், ஈக்வலைசர் எதுவும் போடாமல் கேளுங்கள். அப்புறம், அந்த பேக் எந்த மாடலுக்குச் செய்தது என்று பாருங்கள். எஸ்.எக்ஸ்.900இல் விரிவாக்க நினைவகம் அதிகம், உங்கள் 700இல் குறைவு. பெரிய மாடலுக்குச் செய்த ஸ்டைலைச் சின்ன மாடலில் போட்டால், அது தேடுகிற டோன் அந்த எண்ணில் இல்லாமல் கீபோர்டு தனக்குள் இருப்பதை எடுத்து மாட்டிக்கொள்ளும். தவில் இருக்க வேண்டிய இடத்தில் டிரம் செட் அடிக்கும். உங்கள் கடிதத்தில் ‘தவில் ஸ்டைலில் டிரம்ஸ் கேட்கிறது’ என்று ஒரு வரி இருக்கிறது, எனக்கு அங்கேதான் சந்தேகம். அப்படி இருந்தாலும் அவர் தப்பிக்க முடியாது, உங்கள் மாடலைச் சொல்லித்தான் ‘செட் ஆகும்’ என்று வாட்ஸ்அப்பில் பதில் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் புகாரில் எழுதும்போது எது டெமோவில் பொய், எது மாடல் பொருந்தாதது என்று பிரித்து எழுத வேண்டும். இரண்டையும் குழப்பினால் அவர் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பார்.

சரி, பணத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 என்று ஒன்று இருக்கிறது, 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. பொருளின் தன்மையையோ தரத்தையோ பற்றி வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கிற விளம்பரம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கிற விளம்பரம், இரண்டும் அதில் தவறான விளம்பரம்தான். இணையத்தில் போடுவதும் விளம்பரம்தான். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று எழுதி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு பில்லே தரவில்லை அல்லவா, அதுவும் அவர் கணக்கில்தான் ஏறும்.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் எழுந்து, ‘மனுதாரர் காசுக்குக் கச்சேரி வாசிக்கிறவர், தொழிலுக்காக வாங்கியிருக்கிறார், ஆகவே நுகர்வோரே இல்லை’ என்று சொல்லலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அதே இடத்தில் ஒரு விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. தையல்காரரின் மிஷினுக்கும் ஆட்டோக்காரரின் வண்டிக்கும் பொருந்துகிற அந்த விளக்கம் உங்கள் எஸ்.எக்ஸ்.700க்கும் பொருந்தும். அதனால்தான் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘வீடு ஓடுவது இதில்தான்’ என்ற வாக்கியத்தைப் புகாரிலும் எழுதச் சொல்கிறேன்.

அவர் இருப்பது பாண்டிச்சேரி, வேறு மாநிலக் கணக்கு, முள்ளோடை எல்லையைத் தாண்டி யார் அலைவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தாண்ட வேண்டாம். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ பிழைப்பு நடத்தும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டத்தில் வந்த நல்ல காரியம். கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம், முள்ளோடையைத் தாண்டி அவர்தான் இங்கே வர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை (நானே இதைச் சொல்கிறேன் பாருங்கள்). இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் போடலாம். ஆனால் 4,800 ரூபாய்க்கு எடுத்த எடுப்பில் வழக்கு வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதற்குப் பதில் வரவில்லை என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அதுவும் நடக்கவில்லை என்றால் ஆணையம். தபாலுக்கு முகவரி வேண்டும். அவர் சேனலின் அறிமுகப் பகுதியிலோ பணம் போன கணக்கின் பெயரிலோ தேடுங்கள். கடிதத்தில் திட்டு எதுவும் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

“தாங்கள் ‘எடிட்டிங் இல்லை’ என்று அறிவித்து வெளியிட்ட டெமோவை நம்பியும், எஸ்.எக்ஸ்.700 மாடலுக்குப் பொருந்தும் என்று தாங்கள் வாட்ஸ்அப்பில் தந்த உறுதியை நம்பியும் இன்ன தேதியில் ரூ.4,800 செலுத்தினேன். பேக்கில் உள்ள டோன்கள் டெமோவில் உள்ளவை அல்ல. இன்னின்ன ஸ்டைல்கள் என் மாடலில் சரியாக ஒலிக்கவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறேன். தந்தவுடன் பேக்கை என் கீபோர்டிலிருந்து நீக்கிவிடுகிறேன்.”

கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். பணமும் வேண்டும் பேக்கும் வேண்டும் என்று நிற்கிறவராக நீங்கள் தெரியக்கூடாது. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். கேட்க யாரும் தடை போட மாட்டார்கள், ஆனால் அந்த எண்ணைப் பார்த்த உடனே படிப்பவரின் முகம் மாறும். 4,800ம் செலவும் கேளுங்கள்.

இப்போது அந்த இலவச ஃபோல்டர். திருடனிடம் திருடினால் தப்பில்லை என்பது சினிமா நியாயம். உங்கள் நண்பர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அந்த சாம்பிள்கள் வெளிநாட்டுக் கம்பெனியுடையவை. அப்படியானால் நீங்கள் 600 பேருக்கு அனுப்புவது பாண்டிச்சேரிக்காரரின் பொருளை அல்ல, உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத மூன்றாவது ஒருவரின் பொருளை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63: தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்கலாம், ஆனால் குற்றமே இல்லை என்று ஆகாது. இந்தப் பிரிவில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனும் கேட்ட உடனே கிடைக்கிற ரகம் இல்லை என்று 2022இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘தெரிந்தே’ என்பதற்குத் தனியாகச் சாட்சி தேட வேண்டாம், சுட்டது என்று நீங்களே கைப்பட எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதுவும் போக, நுகர்வோர் ஆணையத்தில் அவர் சொல்லப்போகும் முதல் பதில் என்ன தெரியுமா? ‘பேக் சரியில்லை என்கிறவர் ஏன் ஐயா 600 பேருக்கு அனுப்பினார்?’

நண்பர் சொல்வது உண்மைதானா என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஆட்களிடையே ‘டோன் காப்பி’ என்ற பேச்சு ரொம்பச் சுலபமாக வந்துவிடுகிறது. புல்லாங்குழலின் சத்தம் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு சிந்தசைசரின் சத்தம் இன்னொன்றின் சத்தம் மாதிரி இருப்பதும் அப்படித்தான். 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 சிந்தசைசரின் எலெக்ட்ரிக் பியானோ மாதிரியே தானும் செய்து வைக்காத கம்பெனி உண்டா? (அந்தச் சத்தத்தை உண்டாக்கிய எஃப்.எம். முறைக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம் பேட்டன்ட் இருந்தது, யமஹா அதற்கு உரிமம் வாங்கித்தான் செய்தது. அது ஒலியை உண்டாக்கும் முறைக்கான உரிமை, இங்கே நாம் பேசுவது வேறு.) ஒரு கலைஞரை உட்கார வைத்து, மைக் வைத்து, ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிவு செய்தார்களே, அந்தப் பதிவுக்குத்தான் உரிமை. சட்டம் அதை ஒலிப்பதிவு என்கிறது, எதில் பதிந்திருக்கிறது என்பது முக்கியமில்லை, வெளியிட்டதிலிருந்து 60 வருடம். ‘ஒரு ஸ்வரம் இரண்டு நொடிதானே சார்’ என்று சிலர் கேட்பார்கள். கோப்பை முழுசாக அப்படியே எடுத்தவருக்கு அந்தச் சமாதானம் எடுபடும் என்று நம்பி நான் வழக்கில் இறங்க மாட்டேன். ஆகவே கேள்வி ‘அதே மாதிரி இருக்கிறதா’ என்பதல்ல, ‘அதே பதிவா’ என்பது. அதைக் காதால் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் நண்பரிடம் அந்தக் கம்பெனியின் லைப்ரரி (சாம்பிள் தொகுப்பு) முறையாக வாங்கியது இருந்தால், அதே ஸ்வரத்தை இரண்டிலிருந்தும் எடுத்து எடிட்டரில் ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள், தொடக்கத்தையும் அளவையும் சமமாக்குங்கள், ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாக்கி (ஃபேஸ் திருப்புவது என்பார்கள்) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒரே பதிவாக இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு மௌனம் வரும். ரிவெர்ப் ஏற்றியிருந்தாலோ பிட்ச் மாற்றியிருந்தாலோ முழு மௌனம் வராது, அப்போது மூச்சு வாங்கும் இடம், கட்டை விடும் ஓசை மாதிரிச் சின்னச் சின்னக் கறைகளைப் பார்க்க வேண்டும்.

மௌனம் வந்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், மேற்கொண்டு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ‘நானும் அந்த லைப்ரரியைக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன், ராயல்டி ஃப்ரீ’ என்று அவர் சொல்லக்கூடும். அந்த வார்த்தையில் எத்தனையோ பேர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். உன் பாட்டில் போட்டுக்கொள், அதற்கு ராயல்டி கேட்க மாட்டேன் என்பதுதான் பொதுவாக அந்த உரிமத்தின் பொருள். அதையே எடுத்து இன்னொரு டோன் பேக்காகக் கட்டி விற்பதற்கு அனுமதி இருக்காது. ஸ்டைல் வேறு கதை. ஒரு தாளக்கட்டு, ஒரு நாட்டுப்புற அடி, நாலு கார்டு சுற்றி வருவது, இதற்கெல்லாம் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு சினிமாப் பாட்டின் பி.ஜி.எம்.மை ஸ்வரத்துக்கு ஸ்வரம் அப்படியே இன்ட்ரோவாக வைத்திருந்தால் அது இசையமைப்பாளரின் படைப்பு. அந்த நாற்பதில் எத்தனை அப்படி என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கையோடு உங்கள் சொந்த பென்டிரைவையும் கொஞ்சம் திறந்து பார்த்துவிடுங்கள், மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

ஒப்பீட்டு வீடியோ போடலாம், தாராளமாகப் போடுங்கள். விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் இன்னொருவர் படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்துக்காட்டுவதைப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52 அனுமதிக்கிறது. அவர் வீடியோவை முழுசாகத் தூக்கிப் போட்டு ஓரத்தில் உங்கள் முகத்தை ஒட்டுவது நியாயமான அளவு ஆகாது. அந்த 1 நிமிடம் 12 நொடி இடத்தையும் பேஸ் நடக்கும் இடத்தையும் எடுங்கள், யாருடைய வீடியோ என்று சொல்லுங்கள், உடனே அதே சொற்றொடரை அதே டோனில் உங்கள் கீபோர்டில் லைன் அவுட் எடுத்துப் போடுங்கள். மாடலைச் சொல்லுங்கள். ‘நான் இந்த விலைக்கு வாங்கினேன், என் கீபோர்டில் இப்படி வருகிறது, டெமோவில் கை இங்கே இருக்கிறது, கேட்பது இது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபிராடு, திருட்டுப்பயல் என்றெல்லாம் ஆரம்பித்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356, அவதூறு என்று அவர் கிளம்புவார். உண்மையைப் பொதுநன்மைக்காகச் சொன்னால் அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கிறவன் தானே பார்த்துக்கொள்வான், நீங்கள் பட்டம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு சின்ன வில்லங்கம். அவர் டெமோவில் வாசிப்பது சினிமாப் பாட்டு. அதை நீங்கள் திரும்ப வாசித்துப் போட்டால் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைப் பிடித்து, பாட்டுக் கம்பெனி பெயரில் ஒரு கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை) வரலாம். கிளெய்ம் வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். பதிப்புரிமை மீறலுக்குக் கொடுக்கும் ஸ்டிரைக் என்பதுதான் ஆபத்து, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனல் போய்விடும். கிளெய்முக்கு மறுப்புத் தெரிவித்தால் உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது, அதுவரை இழுபறி. எதற்கு வம்பு, மோகனத்தில் நீங்களாக நாலு சொற்றொடர் போட்டு அதை வாசித்துக் காட்டுங்களேன்? கல்யாணத்தில் வாசிக்கிறோம், கோயிலில் வாசிக்கிறோம், அங்கே ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். மதச் சடங்குகளுக்கும் கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் அதே பிரிவு 52இல் விலக்கு இருக்கிறது; டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கும் யூடியூபுக்கும் அந்த விலக்கு வராது. 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோது டீக்கடை வரைக்கும் அதையே பேசினோம், ஞாபகம் இருக்கும்.

கடைசியாக உங்கள் பம்பை. எனக்கு இந்தக் கடிதத்தில் ரொம்பப் பிடித்த இடம் அந்தக் கோயில் மணிதான். ஃபேஸ் திருப்பி நிரூபிக்க வேண்டிய வேலையையெல்லாம் அந்த மணி மிச்சம் பண்ணிவிட்டது. ஒரு ஒலிப்பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர்தான் சட்டப்படி அதன் தயாரிப்பாளர், பதிவின் உரிமை அவருடையது. இங்கே அது நீங்கள். பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை என்பது இல்லை, பதிந்தால் ஆதாரம் பலமாக இருக்கும், அவ்வளவே. லூப்பாக வெட்டுவதற்கு முன்னாலிருந்த முழுப் பதிவு அன்றைய தேதியோடு போனிலோ ரெக்கார்டரிலோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதைத் தொடாமல் இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பென்டிரைவ் ஒன்றை வெளியாள் யாரையாவது விட்டுக் காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள், பணம் கட்டிய ரசீதோடு. அதன் பிறகு நோட்டீஸ் அனுப்பலாம், அதை நானே எழுதித் தருகிறேன்.

ஆனால் நோட்டீஸ் போகும் முன்னால் ஒரு வேலை பாக்கி. அந்தப் பம்பைக்காரருக்கு 500 கொடுத்தேன் என்கிறீர்கள். எதற்குக் கொடுத்தீர்கள், அன்றைக்கு வாசித்ததற்கா, அல்லது அதை எத்தனை வருடம் வேண்டுமானாலும் பயன்படுத்துவதற்கா? காகிதம் எதுவும் இல்லை. பதிவு உங்களுடையது, வாசிப்பு அவருடையது. நிகழ்த்தியவரின் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது, 50 வருடம். அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் அந்த லூப்பை விற்றால், பென்டிரைவ்காரர் உங்களுக்குச் செய்ததைக் கொஞ்சம் மரியாதையாக நீங்கள் அவருக்குச் செய்ததாக ஆகும். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும், எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்: இன்ன தேதியில், இன்ன கோயிலில் நான் வாசித்த பம்பையைப் பதிவு செய்யவும், அதை லூப்பாக விற்கவும் சம்மதிக்கிறேன், விற்பனையில் எனக்கு இவ்வளவு பங்கு, இத்தனை வருடத்துக்கு, இன்னின்ன இடங்களில் விற்க. வருடத்தையும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் அவை இல்லை என்றால் 5 வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும், இணையத்தில் விற்கிறவருக்கு அது போதாது.

அவர் பங்கை நீங்களே முதலில் ஒரு எண்ணாகச் சொல்லிவிடுங்கள், அவரைக் கேட்க வைக்காதீர்கள். ஆடி பிறப்பதற்குள் போய்ப் பாருங்கள், அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.